பிட்டுமாப் பதம்

குடத்தனைக்கு அப்பால் தாரை விட்டு இறங்கினேன்.
வீதியில் முழங்காலளவு வெள்ளம்.
மிச்சமிருந்தது மணல் மட்டும்.

மணி இரண்டரை.
வெளிச்சமோ ஆறரைக்குரியது.
கிழக்கே கடலையும் வானத்தையும்
ஒரே சட்டியில் போட்டு யாரோ கிண்டிக்கொண்டிருந்தார்கள்.
வாடை சட்டைக்குள் புகுந்து
என்னைவிடத் தடித்த ஒருத்தியை
என் இருக்கையில் ஏற்றி வைத்தது.

தவணைக்கு எடுத்த பிளட்டினா.
இன்னும் பதினொரு மாதம் கட்டக் கிடக்கிறது.
நெல்லியடிச் சந்தை தெரியும்,
பள்ளிக்கூட வாசல் தெரியும் அதற்கு.
முதல் மேட்டிலேயே பின்சில்லு
தன் குழியைத் தானே தோண்டத் தொடங்கியது.
முறுக்கினேன். இறங்கியது.
இன்னும் முறுக்கினேன். அச்சு வரைக்கும் இறங்கியது.

கொண்டையூசியை உருவி வால்வை அழுத்தினேன்.
காலையில் சந்தியில் காசு கொடுத்து அடித்த காற்று
சீறிக்கொண்டு போய்ச் சேர்ந்தது,
காற்றுக்குப் பஞ்சமே இல்லாத அந்த வெளியில்.
சப்பளிந்த ரயரோடு
தள்ளி, ஏறி, விழுந்து, தள்ளி.
சைலன்சர் கெண்டைக்காலில்
ஒரு ரூபாய்க் குத்தியளவு சுட்டது.

சொல்ல வேண்டியது ஒரேயொரு வசனம்:
கடலுக்குப் போகாதே.
போனில் சொல்லியிருக்கலாம்.
கோபுரத்துக்குக் கரண்ட் இல்லை.
கரண்ட் இருந்தாலும்
எட்மன் என் இலக்கத்தை எடுக்கமாட்டான்,
காணி உறுதியில் நான் கையெழுத்து வைக்காத
அந்த வெள்ளிக்கிழமையிலிருந்து.
ஒன்பது மாதம்.
தம்பி என்று எழுதியிருந்ததை அழித்துவிட்டு
எட்மன் என்று மட்டும் போட்டு வைத்திருக்கிறேன் நானும்.

சவுக்குமரங்கள் ஒரே பக்கமாய்ச் சாய்ந்து
ஒரே எழுத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லின.
மணலில் புதைந்த கல்லறைச் சிலுவைகள்
கழுத்துக்கு மேலே மட்டும் தெரிந்தன.
நேற்றைய தடம் ஒன்றும் இல்லை.
நான் வந்த தடத்தைத் திரும்பிப் பார்த்தேன்,
அதுவும் இல்லை.
கண்ணுக்குள், காதுக்குள், பல்லுக்குள் மணல்.
ஹெல்மெற் கண்ணாடியில் அது பெய்த சத்தம்
அரிசி புடைக்கிற சத்தம்.

மழை தொடங்கினால் முடிந்தது என்றுதான்
வழி முழுக்க நினைத்து வந்தேன்.
தொடங்கியது.
துளி இல்லை, தடி.
இருட்டில் ஒரு மின்னல் அடித்து
மேடுகள் எல்லாவற்றையும் ஒருக்கால் காட்டிவிட்டு
திரும்ப எடுத்துக்கொண்டது.

கொஞ்ச நேரத்தில் கைபிடி ஆடாமல் நின்றது.
எனக்கு விளங்கவில்லை.
குனிந்து பார்த்தேன்.
தண்ணீர் தெளித்த பிட்டுமாப் போல
மணல் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு கிடந்தது.
இரண்டாம் கியர்.
மூன்றாம் கியர் போட்டபோது
வாய்விட்டுக் கத்தினேன், என்னவென்று தெரியாது.
கேட்க அந்த வெளியில் ஒருத்தரும் இல்லை.
வானம் தன்னாலே உறுமிக்கொண்டிருந்தது.

வாடியில் படகு ஏற்கெனவே கரையில்.
இஞ்சினைக் கழற்றி
பொலித்தீனால் பிள்ளையைப்போலச் சுற்றி வைத்திருந்தான்.
லாம்பைத் தூக்கிப் பிடித்தான்.
“ஆருக்கு என்ன?”
“ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை.”
கொண்டுவந்த வசனம்
பல்லிடையில் நெறுநெறுத்தது.
துப்பினேன். மணல்தான்.

அவன் என்னைப் பார்க்கவில்லை.
குந்தியிருந்து பின்சில்லை விரலால் அமுக்கினான்.
“காத்தைத் திறந்தனியோ?”
“ஓம்.”
“இன்னும் கொஞ்சம் திறந்திருக்கலாம்.”

பம் இல்லை. திரும்பிப் போகிற கதையும் இல்லை.
இருவரும் பிடித்து பிளட்டினாவைச் சரித்து
படகின் காற்றுப்படாத பக்கம் கிடத்தினோம்.
படகையும் அதையும் ஒரே கயிற்றால்
சவுக்கு அடியோடு சேர்த்து இறுக்கினான்.
வள்ளத்தில் போடுகிற முடிச்சு,
இழுக்க இழுக்க இறுகும்.
“எத்தனை தவணை கிடக்கு?”
“பதினொண்டு.”

காற்றுக்குள் அவன் ஏதோ சொன்னான்,
உறுதியைப் பற்றியதோ என்று காதைக் கொடுத்தேன்.
கயிறு ஒரு முழம் காணாதாம்.
“கில்டா, சால்வையைத் தா.”