இருளாயி வகையறா

வழக்குக் கட்டின் மேல் சிவப்பு மையில்
எழுதியிருந்தது:
இருளாயி வகையறா.
இன்னும் நானூற்றுப் பதினோரு பெண்கள்
அந்த ஒரு சொல்லுக்குள் நின்றுகொண்டிருந்தார்கள்.
நான் பிரதிவாதி நிறுவனத்தின் வழக்கறிஞன்.
மணிக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்டு
சென்னையிலிருந்து ரயிலேறி வந்தவன்.

தகராறு ஈரத்தைப் பற்றியது.
வேதாளைக் கரையில் எடைபோடும்போது
நூறு கிலோ பாசிக்குப் பதினெட்டுக் கிலோ
ஈரக் கழிவு.
ஒப்பந்தம், பத்தி ஒன்பது.
பங்குனி வெயிலில் மூன்று நாள் கிடந்து
கையில் எடுத்தாலே நொறுங்கும் மரிக்கொழுந்துப் பாசிக்கும்
அதே பதினெட்டு.
"சரக்குக் காயலாம், கனம் நீதிபதி அவர்களே,
பத்தி காயாது" என்றேன்.
நீதிபதி சிரித்துவிட்டார்.
அன்று இரவு அதை விடுதிக் கண்ணாடி முன்
இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தேன்.

எதிர்த்தரப்பில் சீனி முகம்மது.
கீழக்கரைக்காரர்.
சாப்பாட்டு இடைவேளையில்
தன் தொதலில் பாதியைப் பிட்டு எனக்குக் கொடுப்பார்,
இரண்டரை மணிக்கு
என் மனுவைக் கிழித்துத் தொங்கவிடுவார்.

முதல் சாட்சி கூண்டேறினாள்.
விரல்களில் சுற்றியிருந்த துணியை
அப்போதுதான் அவிழ்த்திருப்பாள் போல,
முனைகள் வெளிறி ஊறியிருந்தன.

ஒப்பந்தத்தில் இருப்பது உங்கள் கைநாட்டா?
ஆமா.
எடைப் பதிவேட்டில் இருப்பது?
அதுவும் நான் வச்சதுதான்.
இரண்டும் ஒத்துப்போகவில்லையே, அம்மா.

நிபுணர் அறிக்கை என் கையில் இருந்தது.
ஒத்துப்போகவில்லை என்றது நான்காம் பக்கம்.
ஒப்பிட ரேகையே இல்லை, வெறும் மைதான் என்றது
ஐந்தாம் பக்கம்.
நான்காம் பக்கத்தோடு நிறுத்தியிருந்தேன்.

அவள் கட்டைவிரலை
கூண்டுக்கு வெளியே நீட்டினாள்.
"எனக்கு ரேகை இங்க இல்ல சார்.
குருசடைப் பாருல கிடக்கு.
முப்பது வருசமாத் தேச்சது.
முங்கி எடுத்தாந்து ஒத்துப் பாருங்க."

பதில் தெரியாத கேள்வியைக்
குறுக்கு விசாரணையில் கேட்காதே என்பார்கள்.
எனக்குப் பதில் தெரியும்.

கச்சான் வீசத் தொடங்கிய வாரம்
நிறுவனம் சமரசத்துக்கு இறங்கியது.
இருபத்து நான்கு லட்சத்து எழுபத்திரண்டாயிரம்.
தலைக்கு ஆறாயிரம்.
வரைவை நான்தான் எழுதினேன்,
ராமநாதபுரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால்
மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒரு தடவை முனகும் அறையில்.
இரவு ஒரு மணி இருக்கும்.
பத்தி பதினொன்று:
பயனாளிகள் கைரேகைச் சரிபார்ப்பின் பேரில்
வங்கியில் பெற்றுக்கொள்வர்.
தொண்ணூறு நாளுக்குள் பெறப்படாத தொகை
நிறுவனத்துக்கே திரும்பும்.

வழக்கமான வரிகள்தான்.
எந்தச் சமரசப் பத்திரத்திலும் இருப்பவை.
சீனி முகம்மதின் பேனா
அந்த இடத்தில் சற்று நின்றது.
மறுநாள் அவர் மகளுக்கு நிக்காஹ்.
கையெழுத்துப் போட்டுவிட்டு
எனக்கும் ஒரு பத்திரிகை வைத்தார்.

நேற்று கணக்குப் பிரிவிலிருந்து மின்னஞ்சல்.
ஐம்பத்தெட்டுப் பேர் தொகையைப் பெறவில்லை.
மூன்று லட்சத்து நாற்பத்தெட்டாயிரம் திரும்பியது.
வாழ்த்துகள், சார்.
இணைப்பில் மண்டபம் கிளை மேலாளரின் கடிதம்.
ஐம்பத்தெட்டுப் பேரும் வந்திருக்கிறார்கள்.
சிலர் ஆறேழு தடவை.
சேலையில் துடைத்து வைத்தார்கள்,
எலுமிச்சம்பழம் தேய்த்து வைத்தார்கள்,
பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்தார்கள்.
கருவியில் சிவப்பு விளக்கே எரிந்தது.
வரிசை எண் ஒன்று, இருளாயி.

அந்தப் பத்திக்கு என் கட்டணச் சீட்டில்
நாற்பது நிமிடம் போட்டிருந்தேன்.
நிறுவனம் மறுபேச்சில்லாமல் கொடுத்தது.

கைப்பேசி அதிர்கிறது.
சீனி முகம்மது.
காலையிலிருந்து மூன்றாவது தடவை.