அரைப்பேர்

தலவாக்கலைக் கூட்டுறவுச் சங்கத்து மாடியில்
அறுபது கதிரை போட்டிருந்தார்கள்.
மழை. நாற்பது பேர்தான்.
மைக்கைத் தட்டிப் பார்த்த பொடியன் சொன்னான்:
"அடுத்ததாக, சகோதரி மரியதங்கம்."

பதினாறு மாதம் அந்தப் பெயரை
யாரும் முழுசாகச் சொன்னதில்லை.
வெலிக்கடையில் காலையும் மாலையும் எண்ணுவார்கள்.
முதல்நாள் மற்றப் பெண்கள் நடுங்கினார்கள்.
எனக்கு அது பெரட்டு.
அம்மாவின் படங்குக்குப் பின்னால் நின்று
ஆறு வயதிலேயே பார்த்ததுதான்.
கொழுந்து குறைந்தால் அங்கே அரைப்பேர் போடுவார்கள்.
இங்கே பேரே இல்லை.

எனக்கு முன்னால் பேசியவர்
பொகவந்தலாவை சடையப்பன் அண்ணன்.
யாருடையதோ லொறியில்
யாருக்கோ யூரியா ஏற்றினார்.
ஒன்பது வருசம்.
விடுதலைக் கடிதம் அரைப் பக்கம்,
அதையும் தப்பான ஊருக்கு அனுப்பியிருந்தார்கள்.
முன்வரிசை முந்தானையால் கண் துடைத்தது.
அண்ணன் அழவில்லை. தண்ணீர் குடித்தார்,
போத்தல் மூடியைத் திரும்பத் திரும்ப இறுக்கினார்.

மேடை ஏறும் முன்
கூட்டம் நடத்துகிறவர் காதோடு சொன்னார்:
"சந்தேகத்தின் பேரில்னு மட்டும் சொல்லுங்க அக்கா,
அது போதும்."
சந்தேகத்தின் பேரில்.
அந்தப் பேரும் என் பேரில்லை.

பிணைக்கு விலாசம் கேட்டதைச் சொன்னேன்.
மேற்பிரிவு, ஏழாம் லயம், நாலாவது காம்பிரா.
என்ன தெரு என்றார் மொழிபெயர்ப்பாளர்.
தெரு இல்லீங்க ஐயா, வாய்க்கால்தான் இருக்கு.
கோர்ட்டில் சிரித்தார்கள்.
இங்கே யாரும் சிரிக்கவில்லை;
இங்கே எல்லாருக்கும் வாய்க்கால்தான் விலாசம்.
அதுவரைக்கும் சபை என் பக்கம்.

பிறகு சொன்னேன்:
அந்தச் சங்கிலியை எடுத்தது நான்தான்.

தகரத்தில் மழை திடீரென்று சத்தமாயிற்று.
பொடியன் எழும்பி வந்து
மைக் வேலை செய்கிறதா என்று பார்த்தான்.

"குடும்பக் கஷ்டமா தங்கச்சி?"
ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர்
எனக்காக ஒரு கதவைத் திறந்துவிட்டார்.
நல்ல மனிதர்.
கஷ்டம்தான் சார்,
ஆனால் அதற்காக எடுக்கவில்லை.
நாலு வருசம் அந்த லாச்சியைத் தூசு தட்டினேன்.
நாலு வருசம் என் சம்பளம் தரகரிடம் போய்
தரகரிடமிருந்து அப்பாவிடம் போனது.
காசு என்ன கனம் என்று எனக்குத் தெரியாது.
செட்டியார் தெருவில் தெரிந்துகொண்டேன்.

என்ன வாங்கினாய் என்று யாரும் கேட்கவில்லை.
கேட்காமலே சொன்னேன்.
ஹட்டனில் ஒரு ஃபிரைட் ரைஸ், முட்டை போட்டு.
மணி அடித்து யாரும் கூப்பிடாத
ஓர் இரவு, லொட்ஜில்.
ஒரு சோடி சிவப்புச் சப்பாத்து, குதி உயர்ந்தது.
பொலிஸ் லயத்துக்கு வந்தபோது
சேற்றில் அதைத்தான் போட்டிருந்தேன்.
"தங்கம்னு பேர் வச்சா தங்கத்தையே எடுப்பியா?" என்றார்
தமிழ் தெரிந்த கான்ஸ்டபிள்.
சப்பாத்து சான்றுப்பொருளாயிற்று. இலக்கம் நாலு.
திருப்பித் தரவேயில்லை.

கடைசி வரிசையில் ஒரு பெட்டை,
கொழுந்துக்கறை பிடித்த விரலால்
வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.
அன்றைக்கு எனக்குக் கிடைத்ததில்
அதுதான் நல்லது.

கைதட்டல் இருந்தது.
சடையப்பன் அண்ணனுக்கு விழுந்ததில் பாதி.
அண்ணன் மட்டும்
மற்றவர்கள் நிறுத்திய பிறகும் தட்டிக்கொண்டிருந்தார்.

பஸ் காசுக்கு ஐந்நூறு ரூபாய், கவரில்.
பெயர், அடையாள அட்டை இலக்கம், கையொப்பம்.
கட்டம் சின்னது.
மரிய என்பது உள்ளே அடங்கியது,
தங்கம் கோட்டைத் தாண்டி
அடுத்தவர் கட்டத்துக்குள் போய்விட்டது.

படி இறங்கும்போது
முன்வரிசையில் கண் துடைத்த அம்மா
தன் கைப்பையை
இடத்தோளிலிருந்து வலத்தோளுக்கு மாற்றினார்.
நான் பார்த்தேன்.
நான் பார்த்ததை அவரும் பார்த்தார்.
"மழை விட்டுடும் போல" என்றார்.
"ஆமாங்க" என்றேன்.

அடுத்த கூட்டம் மஸ்கெலியாவில், பதினேழாம் தேதி.
இதையும் சொல்லவேண்டும்.