நண்பகலுக்கு வரியில்லை

கப்பலூர் சுங்கச்சாவடியில்
ரொக்கம் வாங்கும் கடைசிப் பாதை என்னுடையது.
பதினொரு மணிக்கு மேல்
தூத்துக்குடி உப்பு லாரி ஒன்று,
பாஸ்டேக்கில் காசில்லாத கார் ஒன்று.
இரண்டுக்கும் இடையில்
ஒரு பத்தி எழுதலாம். சில நாள் ஒன்றரை.

அச்சு மங்கிய ரசீதுச் சுருள்களின் முதுகில்
ஒரு நாட்டை எழுதி முடிக்க நாலு வருஷம்.
அந்த நாட்டுக்கு ஒரே வாசல்.
கடப்பவர்கள் காசு தரவேண்டாம்,
நிழலை அறுத்துக் கொடுத்துவிட்டுப் போகவேண்டும்.
கைக்குழந்தைக்குப் பாதி.
கழுதைக்கு முழுசு.
நண்பகலுக்கு மட்டும் வரியில்லை:
நிழல் காலடிக்குள் ஒடுங்கும் அந்த நாலு நொடியில்
ஆட்களைக் கடத்திவிடுகிறவள்
அலரி.

ஏழு பாகம் என்று திட்டம்.
"ஏழா?" என்றாள் தங்கபுஷ்பம்.
"சீட்டுப் பணம் ஒன்னுக்குத்தான் காணும்."

சென்னைக்கு அனுப்பியதில்
மூன்று பதிப்பகம் பதிலே போடவில்லை.
நாலாமவர் நல்ல மனிதர்.
சரித்திரக் கதையா என்று கேட்டார்.
எந்தச் சரித்திரத்திலும் இல்லை என்றேன்.
சரி, எந்த நூற்றாண்டு என்றார்.

அதனால் சிம்மக்கல்லில்,
கல்யாணப் பத்திரிகைக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் நடுவே,
அபுதாகிர் அச்சகத்தில் முந்நூறு பிரதி.
பதிப்பாளர் நான். பிழைதிருத்தியவன் நான்.
அட்டை வரைந்தது
பழங்காநத்தத்தில் பிளக்ஸ் அடிக்கும் பையன்;
வாசல் காவலனுக்கு
யாரோ ஒரு கவுன்சிலரின் மீசை.

கட்டிலுக்கடியில் ஒன்பது கட்டு.
அங்கே இடமில்லாத இரண்டின் மேல் கிரைண்டர்.
விற்றது நூற்றுப் பதினாறு,
ஓசி போக.

தை மாதம், ராத்திரி இரண்டு மணிக்கு
உசிலம்பட்டியிலிருந்து ஒரு போன்.
பேர் ஒச்சம்மாள். பிரசவ வார்டில் நர்ஸ்.
வலி கூடுவதற்குக் காத்திருக்கும் நேரத்தில்
படித்து முடித்தாளாம்.
"அலரியைக் கொன்னுபுடுவீங்களோன்னு
பயந்துக்கிட்டே படிச்சேன் சார்.
நல்லவேளை, விட்டுட்டீங்க."

கொன்றிருந்தேன்.
இருநூற்று ஐம்பத்தேழாம் பக்கத்தில்,
நாழிகை சொல்பவன் பொய் சொன்ன ஒரு நண்பகலில்,
விரற்கடை நீளம் நிழல் வெளியே தெரிந்ததால்.
அதை எழுதிய ராத்திரி
ஒரு பால் வண்டிக்கு மீதிச் சில்லறை கொடுக்க மறந்தேன்.

"இருநூற்று ஐம்பத்தாறுக்கு அடுத்து
என்ன பக்கம் இருக்கு, பாருங்களேன்."
தாள் புரளும் சத்தம்.
உள்ளே யாரோ ஒருத்தி அம்மாவைக் கூப்பிடும் சத்தம்.
"எழுபத்து மூணு சார். இருநூத்து எழுபத்து மூணு.
இருங்க, கூப்பிடுறாங்க."

விடிந்ததும் கட்டுகளைப் பிரித்தேன்.
மிச்சமிருந்ததில் பத்தொன்பது பிரதிகளில்
அந்தப் பதினாறு பக்கம் இல்லை.
விற்றதில் எத்தனையோ.
"பைண்டிங் அன்னைக்குக் கரண்டு போயிருச்சு தம்பி"
என்று தலையில் கைவைத்தார் அபுதாகிர் பாய்.
தனியாக அடித்துத் தருவதாகவும், காசு வேண்டாமென்றும்,
வீடு வீடாக அனுப்பி ஒட்டச் சொல்லலாமென்றும்.

பதினாறு பக்கச் சாவை
மடித்து, உறைபோட்டு, கூரியரில்
உசிலம்பட்டிக்கு.

வேண்டாம் பாய் என்றேன்.
ஏனென்று எனக்கே அப்போது தெரியாது.
பத்தொன்பதையும் தனியாகக் கட்டி
கிரைண்டருக்குக் கீழே வைத்தேன்.

போன வாரம் ஒச்சம்மாள் மறுபடி கேட்டாள்,
"ரெண்டாம் பாகத்துல அலரி எங்கே போறா?"

இப்போது இரண்டாம் பாகம், நாற்பதாம் பக்கம்.
வாசல். உச்சி வெயில்.
நிழலில்லாத ஒருத்தி கடந்து போகிறாள்.
காவலன் மீசையைத் தடவிக்கொண்டு
பார்க்கிறான், பார்க்காத மாதிரி இருக்கிறான்.
அவள் பெயரை நான் எழுதவில்லை.
முழுப் பிரதி வைத்திருப்பவர்களுக்கு அவள் பேய்.
ஒச்சம்மாளுக்கு,
மணி பன்னிரண்டு.

உப்பு லாரி ஹாரன் அடிக்கிறது.
இறங்கி வந்து சில்லறை தேடும் டிரைவருக்கு
விளக்குக் கம்பங்களுக்கு நடுவே நாலு நிழல்.
காசை மட்டும் வாங்கிக்கொண்டு
விடுகிறேன்.