ஐந்தா, ஆறா

பள்ளிக்கூடத்து உடற்பயிற்சி அரங்கு.
கூடைப்பந்து வளையத்துக்கு நேர்கீழே
மேசைமேல் கிடக்கிறது ஆகென்ஸ்கால்ன்ஸ்:
அட்டையில் வெட்டிய எங்கள் தெருக்கள்,
பஞ்சில் கிள்ளிய எலுமிச்சை நிற மரங்கள்,
இருக்கிற மரவீடுகள் அத்தனையும் பழுப்பு,
வரப்போகிறது மட்டும் வெள்ளை.

எங்கள் என்று எழுதிவிட்டேன்.
அடித்துத் திருத்த வேண்டும்.
நான் ரிகா நகராட்சியின் குறிப்பெழுத்தர்.
தௌகவா ஆற்றுக்கு அந்தப் பக்கம்
ஒன்பது மாடிக் கான்கிரீட்டில் ஏழாவது.
அதைக் கொண்டுவந்து நட்டபோது
யார் கண்ணை உறுத்தும் என்று
எவரும் எவரையும் கேட்கவில்லை.

கட்டடக் கலைஞர் ரைத்திஸ் சொல்கிறார்:
ஆறு மாடி. ஆறாவது சற்று உள்வாங்கி நிற்கும்.
தெருவில் போகிறவர் அண்ணாந்தாலும் தெரியாது.
"தெரியாது என்றால் எதற்கு?"
பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.
குறிப்பில்: சிரிப்பு.

திரையில் நிழல் வரைபடம்.
டிசம்பர் இருபத்தொன்று, பகல் இரண்டு மணி.
நீல நாக்கு ஒன்று நீண்டு
எதிர்வரிசையில் மூன்று வீடுகளை நக்குகிறது.
"அந்த மாதத்தில் வெயில் எங்கே அடிக்கிறது இங்கே?"
டிராலிபஸ் ஓட்டும் தாலிவால்திஸ் எழுகிறார்,
சீருடை மாற்றாமல், தொப்பி கையில்.
"நாற்பது நிமிடம் அடிக்கிறது.
என் சமையலறையில்.
இரண்டு ஷிப்டுக்கு நடுவே
வீட்டுக்கு வருவதே அதற்குத்தான்."
உட்கார்ந்துவிட்டார்.
அதற்கு ஸ்லைடு எதுவும் இல்லை.

பிறகு செங்கல்.
நான்கு மாதிரிகள், நான்கு சிவப்பு.
மரவீடு காப்புச் சங்கத்து விஸ்மா
ஒன்றை எடுத்து மேசையில் தட்டுகிறார்.
டொக் என்றது, தகர டப்பா போல.
"இது செங்கல் இல்லை, செங்கலின் தோல்.
பழசு மாதிரி நடிக்காதீர்கள்,
புதுசு என்றால் புதுசாகவே வந்து நில்லுங்கள்."
கைதட்டல்.
அடுத்த மூச்சிலேயே அவர்:
"ஆனால் ஜன்னல்கள் மட்டும்
பழைய அளவில் இருக்கட்டும்."
இரண்டையும் எழுதிக்கொண்டேன்.

ஐந்தா, ஆறா?
சாய்கூரையா, தட்டையா?
பால்கனி துருத்தலாமா, அடங்க வேண்டுமா?
சாம்பல் என்றால் எந்தச் சாம்பல்?
ஒன்பது மணிக்கு ஹீட்டரை அணைத்துவிட்டார்கள்.
கோட்டுகள் ஒவ்வொன்றாகத் தோளுக்கு ஏறின.

அப்போது கேட்டாள் ரிம்மா,
லாத்விய மொழியை ரஷ்ய நாக்கால்
படி படியாக ஏறிக்கொண்டு:
"முதல் படத்தில் இருப்பது என் வீடு.
செதுக்கிய கதவு. அழகுதான்.
அந்தக் கதவு வழியாகத்தான்
மூன்றாம் மாடிக்கு விறகு ஏறுகிறது,
என் முதுகில்.
கழிப்பறை படிக்கட்டின் நடுவில்,
ஜனவரியில் தண்ணீர் உறைந்துவிடும்.
இந்த வெள்ளைப் பெட்டியில் எத்தனை வீடு?
அதில் எங்களுக்கு எத்தனை?"

ரைத்திஸ் விஸ்மாவைப் பார்த்தார்.
விஸ்மா ரைத்திஸைப் பார்த்தார்.
அன்று மாலை முழுவதிலும்
அவர்கள் ஒத்துப்போன ஒரே இடம் அது.

தலைவர் தொண்டையைச் செருமினார்:
இன்றைய கூட்டம் தோற்றம் குறித்து மட்டுமே.
வாடகை வேறு துறை.

என் படிவத்தில் தலைப்புகள் உண்டு.
உயரம். முகப்பு. நிறம். நிழல். இதர.
இதரவுக்கு மூன்று வரி விட்டிருந்தார்கள்.
தாளைத் திருப்பிப்
பின்பக்கத்திலும் எழுதினேன்.

முடிவு: ஐந்தரை.
சத்தியமாக அப்படித்தான் பதிவாகியிருக்கிறது,
அடுத்த கூட்டத்தில் அரை என்றால் என்ன என்று பேசுவார்கள்.

மாதிரியை நானும் காவலாளியும் தூக்கினோம்.
கதவுக்குள் நுழையவில்லை. சாய்த்தோம்.
பஞ்சு மரம் ஒன்று உருண்டு விழுந்தது.
ரிம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.
"நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்?"
சொன்னேன்.
"குழாயில் சூடு வருமா?"
"அக்டோபரிலிருந்து வரும்."
"பார்க்க எப்படி?"
"பார்க்கக் கண்றாவி."

மரத்தை எடுத்து அட்டைத் தெருவில் வைத்தாள்,
முன்பு இருந்த இடத்தில் அல்ல.
"உள்ளே இருப்பவருக்கு
அது தெரியாதே" என்றாள்.