என் கையெழுத்தில் ஒரு பிழை

செப்டம்பரில் நான்தான் எழுதிக் கொடுத்தேன்,
பள்ளி முத்திரையோடு:
"வீட்டிலும் ஐஸ்லாந்து மொழியிலேயே பேசுங்கள்.
பையனுக்கு நல்லது."

கிராஜினா அதை நம்பினாள்.
ஆலையில் எட்டு மணி நேரம்
காட் மீனுக்கு முள்ளெடுத்துவிட்டு வந்து
அறுபது சொற்களில் குடும்பம் நடத்தினாள்.
சாப்பிடு. தூங்கு. நல்லது. நாளைக்கு.
அறுபது சொற்களில் கோபப்பட முடியாது,
கொஞ்ச முடியாது,
அவன் அப்பா ஏன் கிதான்ஸ்கிலேயே தங்கிவிட்டார் என்று
சொல்லவே முடியாது.

ஜனவரிக்குள் வொய்டெக்
என் வகுப்பிலும் வாயை மூடிக்கொண்டான்.
"மொழி வளர்ச்சி குறைவு" என்று படிவத்தில் எழுதினேன்.
குறைத்தது யார் என்பதற்கு
அதில் கட்டம் இல்லை.

இரண்டு மாதம் கழித்து
சூரியன் மலைக்கு மேல் தலைகாட்டிய வாரம்,
ஆலையின் காபி இடைவேளைக்குப் போனேன்.
மொழிபெயர்க்க, எடை போடும் பிரிவிலிருந்து ஆனெத்தா.
ரப்பர் ஏப்ரனோடு பதறி எழுந்தாள் கிராஜினா,
பையன் ஏதோ செய்துவிட்டான் என்று.
"நான் செய்துவிட்டேன்" என்றேன்.
"அந்தக் கடிதம் தப்பு. உங்கள் மொழியில் பேசுங்கள் அவனோடு.
எவ்வளவு முடியுமோ அவ்வளவு."

நான் பேசியதைவிட அதிக நேரம்
ஆனெத்தா பேசினாள்.
கிராஜினா கையுறையைக் கழற்றினாள்.
கை கொடுக்கப் போகிறாள் என்று நினைத்தேன்.
விரல் விட்டு எண்ணிக் காட்டினாள்:
ஐந்து மாதம்.

இப்போது ஒரு நோட்டு போகிறது, வருகிறது.
இடப்பக்கம் அவள், வலப்பக்கம் நான்,
நடுவில் ஆனெத்தாவின் பென்சில்.
எரிமலைப் பாடம் வியாழக்கிழமை என்றால்
புதன் இரவே அவர்கள் சமையலறையில் அது வெடித்துவிடுகிறது.
தெரிந்த நெருப்புக்கு
இன்னொரு பெயர் கேட்கத்தான் அவன் வருகிறான்.
தாளெல்லாம் மீன் வாடை.
என் பையும் அப்படித்தான்.

நேற்று ஜன்னலோரம் நின்று, யாரும் கேட்காமலே:
"ஸ்டெய்னுன், இங்க ஸ்னியோர். எங்க வீட்டுல ஷ்னியெக்.
ரெண்டும் மேலேருந்துதான் விழுது."
உச்சரிப்பைத் திருத்த வாயெடுத்தேன்.
பழக்கம்.
பனியைப் பார்த்தேன்.

மாலை, பூட்ஸை மறந்து காலுறையோடு ஓடியவனை
வாசலில் வைத்துத் திட்டினாள் கிராஜினா.
நீளமாக, மூச்சு விடாமல்,
ஃபியோர்டின் அக்கரை வரை கேட்கும்படி.
ஒரு சொல்லும் எனக்குப் புரியவில்லை.

அவன் திரும்பி நின்று
சரிக்குச் சரி வாயாடினான்.