இருபத்து மூன்று துண்டு

பதினோராம் நம்பர் காட்டை அழித்து எழுப்பிய
குன்று வீட்டுக்குத் தரை போட்டவன் நான்.
மெர்பாவ் பலகை. ஒன்பது நாள் முட்டி வலி.
நாக்கைக் குழிக்குள் தட்டிச் செருகி
அடுத்த நிரை, அடுத்த நிரை என்று போனால்
சுவரோரம் ஒரு பொய் காத்திருக்கும்.
எந்தச் சுவரும் நேராக நிற்பதில்லை.
அந்தப் பொய்க்காக அறுத்ததில் மிஞ்சியது
ஒரு உரச்சாக்கு நிறைய.
"தூக்கிப் போட்டுடு" என்றார் டத்தோ.
மோட்டார் சைக்கிளில் தூக்கிப் போட்டுக்கொண்டேன்.

சிலிம் ரிவர் மலிவு வீட்டின் ஐந்தடி வராந்தாவில்
கொட்டி எண்ணினேன். இருபத்து மூன்று.
முழங்கை நீளத்தில் நாலு,
சாண் நீளத்தில் பதினொன்று,
மீதி எட்டும்
தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் கர்வமானவை.

மேல்பூச்சு லேசில் போகவில்லை.
இழைப்புளியை இரண்டு தரம் தீட்ட வைத்தது.
நாக்கை அறுத்து, குழியை அறுத்து,
வழவழப்பாக்கினால்தான்
துண்டு துண்டோடு ஒட்டும்.
பசை காயும்வரை இறுக்கிப் பிடிக்கக்
கிளாம்பு இல்லை.
பழைய டியூபை வார்வாராகக் கிழித்துச் சுற்றினேன்.
இந்த ஊரில் ரப்பருக்கு
இன்னும் ஒரு வேலை இருந்தது.

நாகேஸ்வரிக்கு வெட்டுப்பலகை.
ஈரத்தில் சாயம் விடும் என்று சொல்ல மறந்தேன்.
முதல் வாரம் முழுக்க
அவள் வீட்டு முள்ளங்கி வெற்றிலை போட்டிருந்தது.
காக் ரோஹாயாவின் சாவிகளுக்கு மாட்டுப்பலகை.
ஆ சொங் கல்லாவுக்குச் சில்லறைத் தட்டு,
ஐந்து காசுக்குத் தனி அறை கேட்டான், கொடுத்தேன்.
பிரேம்நாத்தின் புறாக்கள் வந்து இறங்க ஒரு படி.
அவை நன்றி சொன்ன விதத்தை
எழுத முடியாது.
எனக்கென்று ஒரு கைப்பேசித் தாங்கி,
சாய்வு தப்பு,
அழைப்பு வந்தால் குப்புற விழுகிறது.

ஒரு சாண் துண்டு மட்டும் எதற்கும் அமையவில்லை.
அறுக்கச் சோம்பலாக இருந்த நாளில்
முகைதீன் கடை மூன்றாம் மேசையின்
குட்டைக் காலுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.
மேசை ஆடுவதை நிறுத்தியது.
யாரும் பார்க்கவில்லை.
ஆடாததை யார் பார்க்கப் போகிறார்கள்?

ஏழாம் மாதம் டத்தோ அழைத்தார்.
கைப்பேசி குப்புற விழுந்தது.
ஏர்கோன் ஒழுகி ஒரு சாண் இடம் ஊதிவிட்டதாம்.
கிள்ளான் கம்பெனியில் இப்போது அந்த நிறமே இல்லையாம்.
"மிச்சம் வெச்சிருப்பியே? முந்நூறு வெள்ளி தர்றேன்."

வீடு வீடாகப் போனேன்.
நாகேஸ்வரி பலகையை மார்போடு அணைத்தாள்:
"முந்நூறு என்ன முந்நூறு,
இதுலதான் மீன் வழுக்காம நிக்குது."
காக் ரோஹாயா தலையை மட்டும் ஆட்டினாள்,
சாவிகளும் ஆடின.
ஆ சொங் ஐந்நூறு கேட்டான்.
புறாப்படியைக் கேட்க எனக்கே மனம் வரவில்லை,
மூக்கும் வரவில்லை.

கேட்டுத்தான் என்ன?
எல்லாம் நான் நாக்கறுத்தவை.
நாக்கறுத்த துண்டு தரைக்குத் திரும்பாது.

முகைதீன் மேசையைத் தூக்கிப் பிடித்தார்.
நான் குனிந்து உருவினேன்.
தேத்தாரே சொட்டி ஒரு முனை கறுத்திருந்தது.
நாக்கு முழுசாக இருந்தது.

குழியின் கீழுதட்டை மட்டும் செதுக்கி
மேலிருந்து இறக்கினேன்.
டொக் என்று ஒரு சத்தம்,
அவ்வளவுதான்.
டத்தோ செருப்பில்லாமல் நடந்து பார்த்தார்,
"எந்த இடம்?" என்றார்.
நான் காட்டவில்லை.

நூற்றைம்பதை முகைதீனிடம் நீட்டினேன்.
"காசு சரி,
மேசைக்கு என்ன பதில் சொல்றது?"

இன்றைக்கு மூன்றாம் மேசையில் உட்கார்ந்திருக்கிறேன்.
கிளாஸை ஒரு கையால் பிடித்தபடி
என் நாலு நம்பர் டிக்கெட்டை நாலாக மடித்துக்
காலுக்கு அடியில் கொடுத்தேன்.

மேசை நம்பவில்லை.