பாதம் வெட்டுப்படாமல்

அந்த நாட்டின் பெயரை எழுதப்போவதில்லை.
எழுதினால் ஒன்றும் ஆகாது, தெரியும்.
மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே
பல்செட் கட்டிப் பிழைக்கிறவனை
யார் வந்து தூக்கப்போகிறார்கள்?
ஆனாலும் கை நிற்கிறது.
ஏழே நாளில் படிந்த பழக்கம்.

நாகர்கோவில் ஏஜென்ட் ஞானசிகாமணி சொன்னான்:
"சிங்கப்பூருக்கு ஆரும் போவான் சார்.
இது தொறக்காத கதவாக்கும்."
அந்த ஒரு வாக்கியத்துக்காக
நாலு தவணையில் பணம் கட்டினேன்.
விண்ணப்பத்தில் என் தொழிலைப் படித்துவிட்டு
ஆறுதலாய்ச் சிரித்தான்:
"நல்ல வேள, பத்திரிக இல்ல."

விளம்பரம் இல்லாத தெருக்கள்.
ஹாரன் இல்லாத காலை.
எட்டு வண்டி போகும் சாலையில்
ஒரே ஒரு சைக்கிள்.
பொய் சொல்வானேன், பிடித்திருந்தது.
வெட்டுவெந்நியிலிருந்து குழித்துறை போய்ச்சேர
அரைமணி நேரம் பைக்கில் நெளிகிறவனுக்கு
அந்த வெறுமை சொர்க்கமாய்ப் பட்டது.
யாரை எல்லாம் எழுப்பி அனுப்பிவிட்டு
இந்த அமைதியை விரித்தார்கள் என்று
நாலாம் நாள்தான் தோன்றியது.

தலைவர் சிலையைப் படமெடுக்கலாம்.
முழுசாய் எடுக்க வேண்டும்.
பாதம் வெட்டுப்பட்டால்
அங்கேயே அழிக்கச் சொல்வார்கள்.
வழிகாட்டிகள் இரண்டு பேர்.
ஒருத்தி எங்களைப் பார்த்துக்கொண்டாள்.
ஒருவன் அவளைப் பார்த்துக்கொண்டான்.

அவன் சிகரெட்டுக்கு ஒதுங்கிய இடைவெளியில்
குனிந்து செருப்பை மாட்டுவதுபோல் கேட்டாள்:
"உங்கள் ஊரில் கடல் உண்டா?
இரவில் போகலாமா, யாரும்?"
போகலாம் என்றேன்.
மூன்று கடல் என்றேன், பெருமையாக.
கால் நனைத்து நிற்கலாம், விடியும்வரை,
ஏன் என்று ஒருத்தரும் கேட்கமாட்டார்கள்.
சொன்னது போதாதென்று
நேந்திரங்காய் வறுவல் ஒரு பொட்டலம் கொடுத்தேன்.
நம் ஊர்ச் செய்தித்தாளில் சுற்றியது.
அந்தத் தாளில் என்ன படம் இருந்ததென்று
கொடுக்கும்போது பார்க்கவில்லை.

மறுநாள் வேறொருத்தி.
அதே நீலக் கோட்டு, அதே பெயர் அட்டை.
"நேற்று வந்தவர்?"
"நேற்றும் நான்தான்."
நேற்றையவளுக்கு இடது பக்கம்
சிங்கப்பல் ஒன்று சற்றே திரும்பியிருக்கும்.
இவளுக்கு வரிசை நேர்.
பல்லில் எனக்குத் தவறாது.
தலையாட்டினேன்.
பாஸ்போர்ட் அவர்களிடம் இருந்தது.

திரும்பி வந்தபின் கல்யாண வீடுகளில்
என்னைச் சுற்றித்தான் நாற்காலிகள்.
பயமில்லையா என்று கேட்பார்கள்.
விமான நிலையத்தில் இரண்டு மணி நேரம்
பெட்டியின் தையலைக்கூடப் பிரித்ததைச் சொல்வேன்.
நல்ல கதை. பிரியாணி ஆறும்வரை வரும்.
சிங்கப்பல்லைச் சொன்னதில்லை.

போன மாதம் முட்டத்திலிருந்து மரிய ஜெசிந்தா
அளவு கொடுக்க வந்தாள்.
மகன் எல்லை தாண்டினானாம்,
ஏதோ ஒரு கரையில், ஏதோ ஒரு சிறையில்,
பதினாலு மாசம்.
கடித்திருந்த மெழுகைக் கையில் துப்பிவிட்டுக் கேட்டாள்:
"பைசா குடுத்தா சார் உள்ள போனீங்க?
வெளிய வாறதுக்கு எத்தன?"
வாயைத் திறக்கச் சொன்னேன்.
வேறென்ன சொல்ல.

நேற்று கன்னியாகுமரி போனேன்.
படகுத்துறைக்கு அருகே ஒரு குடும்பம்
போனை நீட்டியது.
பின்னால் கடலுக்குள் பாறைமேல் அந்தப் பெரிய சிலை.
நான் பின்னே பின்னே போய்,
மண்டியிட்டு, தரையோடு தரையாய்ச் சாய்ந்து…
"கால் வேண்டாம் சார்,
எங்க மூஞ்சி வந்தாப் போதும்."
கை நடுங்கியதை அவர் கவனிக்கவில்லை.
அல்லது கவனித்தார், சொல்லவில்லை.

இருட்டிய பிறகு தண்ணீரில் நின்றேன்.
அலை கணுக்காலைக் கட்டியது, விட்டது.
ஒன்பதரைக்குப் போலீஸ்காரர் விசில் ஊதினார்.
"அங்க என்ன சார்? கெளம்புங்க."

அவளிடம் சொன்னதைக்
கொஞ்சம் திருத்த வேண்டும்.
முகவரி இல்லை.
அட்டையில் இருந்த பெயரோ
இப்போது இன்னொருத்தியுடையது.